வயிற்றுப் பெல்ட்டில் இரண்டு மூச்சு

இது நடந்தது. கேட்டவர்களில் பாதிப் பேர் என்னை லூசு என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வருடக்கணக்காக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிறவளும் நான்தான்.

சிரிக்கக் காரணம் உண்டு. எங்கள் அறைக்குத் தினமும் கோஸ்ட் வரும். உள்ளே படுத்திருப்பவர் அசைந்தாலோ, மூச்சை வேகமாக விட்டாலோ படத்தில் மங்கலாக இன்னொரு நிழல் விழும். அதற்கு நாங்கள் வைத்த பெயர்தான் கோஸ்ட். "கோஸ்ட் விழுந்திருக்கு, திரும்ப எடு" என்று டாக்டர் கத்துவார். எடுப்போம். அவ்வளவுதான் எங்கள் பேய்.

அன்று மதியம். வெளியே நல்ல வெயில். வந்த பெண்ணுக்கு முப்பது வயதைத் தாண்டியிருக்காது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். கட்டி வாயோடு நின்றிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டிக் கர்ப்பப்பையைக் காப்பாற்றலாம். மேலே ஏறியிருந்தால் மொத்தமாக எடுத்தாக வேண்டும். எது என்று என் படம்தான் சொல்ல வேண்டும்.

"எப்படியாச்சும் நல்லா எடுங்கக்கா. எனக்கு இன்னொண்ணு வேணும்."

"மூத்தது பையனா, பொண்ணா?"

"பொண்ணு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பயந்திருக்கிறாள், பாவம் என்று நானும் விட்டுவிட்டேன்.

வயிற்றில் மூச்சுப் பெல்ட்டைக் கட்டினேன். மூச்சு ஏறி இறங்குவது வெளியே என் திரையில் அலையாக ஓடும். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். டக்... டக்... டக்... மெஷின் தொடங்கியது.

முதல் படம். கோஸ்ட்.

"அசையாதீங்கம்மா" என்றேன் மைக்கில்.

"நான் அசையவே இல்லையேக்கா."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கட்டை மாதிரிதான் கிடந்தாள். இரண்டாவது படம். அதே கோஸ்ட். எரிச்சலோடு அலையைப் பார்த்தேன்.

இரண்டு அலை.

ஒன்று பெரியது, நிதானமானது. அது அவளுடையது. அதன் மேலேயே இன்னொன்று... சின்னதாக, படபடவென்று...

பெல்ட் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். உள்ளே போய் வேறு பெல்ட் மாற்றினேன்.

"வயித்து மேல கனமா இருக்குக்கா."

"படம் எடுக்க வெச்ச பலகைம்மா அது."

"இல்லக்கா... வெதுவெதுன்னு இருக்கு."

வெளியே வந்தேன். புதுப் பெல்ட். இரண்டு அலை.

திரைக்குக் கிட்டே குனிந்தேன்.

சின்ன மூச்சு. இழுத்து... இழுத்து... நடுவில் நின்று... மறுபடி இழுத்து...

பெரியவர்கள் விடுகிற மூச்சு இல்லை.

அழுத்தினால்தான் நான் பேசுவது உள்ளே கேட்கும். மைக்கை நான் அழுத்தவில்லை. சத்தியமாக அழுத்தவில்லை. தானாக வாயில் வந்தது.

"கண்ணு... அம்மாவுக்குப் படம் எடுக்கணும். கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்கோ."

சின்ன அலை நின்றது.

படத்தை ஓட்டினேன். முடியும்வரை அது அசையவே இல்லை.

துளி நிழல் இல்லாத படம். டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டி மேலே ஏறியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். சில நாள் கழித்து ஃபிலிம் வாங்க அவள் கணவர் வந்தார். உயிருக்கு ஆபத்து இல்லை என்றார்.

"பொண்ணு அம்மாவைத் தேடினாளா?" என்று கேட்டேன்.

அவர் ஃபிலிம் கவரை மேஜைமேல் வைத்தார்.

"பாப்பா போய் ஒரு வருஷம் ஆச்சுங்க. மூச்சுத் திணறல். மல்லாந்து படுக்கவே முடியாது. அம்மா வயித்து மேல கவுந்து படுத்தாத்தான் தூங்குவா."

அவராகவே சொன்னார்.

"எக்ஸ்ரே எடுக்கத் தூக்கிட்டுப் போவோம். மூச்சைப் பிடிம்மா, பிடிம்மான்னு கெஞ்சுவாங்க. ஒரு நொடிகூட அவளால முடியாது. கடைசி வரைக்கும் முடியலங்க."

நான் ஓட்டிய அந்தப் படம் எடுத்து முடிய நான்கு நிமிடம் ஆகும்.