போகியன்று மாற்றிய தொட்டி

போகியன்று காலை ஆறு மணிக்குத் தவறு தொடங்கியது. பழம்பானைகளைக் கழித்துக்கொண்டிருந்த என் மனைவி, “அந்தத் தொட்டி ஆலுக்கும் புதுசு மாத்திருங்களேன்” என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்ட எங்கள் மகள், ஏழு வருடம் குட்டையாகவே வளர்த்து, ராஜபாளையத்தில் எங்களிடம் விட்டுப்போன போன்சாய் ஆலமரம் அது. நல்ல நாள்தானே என்று வேரில் பாதியை நறுக்கிப் புதுத்தொட்டியில் வைத்தேன். மார்கழிக் குளிரில் வெட்டிய வேர் தழையாது என்று எனக்குத் தெரியவில்லை. இலை வாடவும் பயந்துபோய் மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினேன். தை முடிவதற்குள் வேர் அழுகி இலையெல்லாம் கொட்டிவிட்டது.

இப்போது மற்றத் தொட்டிகளை வைகாசி வெக்கையில், துளிர் விடும்போதுதான் மாற்றுகிறேன்.

அந்த மாசியில் மகள் வந்தாள். நகத்தால் பட்டையைச் சுரண்டினாள். உள்ளே பச்சை இல்லை.

“இந்த வீட்டுல என்னோடதுன்னு இருந்தது இது ஒண்ணுதாம்ப்பா. இனி எதப் பாக்க வாரதுக்கு?” என்றாள்.