அடைகாக்கும் பெட்டி மேல் கட்டிய துணி

தெர்மாமீட்டரில் பாதரசம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டாலே போதும். போர்த்துவதா, போர்வையை எடுப்பதா என்று யோசித்து யோசித்து இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்வேன். இதற்குச் சித்தியின் முட்டைப்பெட்டிதான் காரணம் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

அறுபதுகளில், நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது, அம்மாவின் தங்கை எங்கள் வீட்டில் தங்கிச் செஞ்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தாள். தற்காலிக வேலை. நாங்கள் மேல்சித்தாமூரிலிருந்து குடிவந்த சமணக் குடும்பம். தண்ணீரில் புழு பூச்சி இருந்துவிடுமோ என்று குடத்து வாயில் துணி கட்டி வடித்துத்தான் குடிப்போம். சித்திக்கோ, இன்ஸ்பெக்டர் வரும் நாளில் தவளையை அறுத்து இதயம் துடிப்பதைக் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அவள் தலைமையாசிரியையிடம் கெஞ்சி வேறு வழிக்கு அனுமதி வாங்கினாள். அடைகாத்த முட்டையை இருட்டில் விளக்கின் முன் பிடித்தால், உடைக்காமலே உள்ளே துடிப்பது தெரியுமாம். ஒரு மாணவி வீட்டிலிருந்து முட்டைகள் வந்தன. ஆய்வுக்கூட மேசைமேல் கண்ணாடி பதித்த மரப்பெட்டி, உள்ளே ஒரு பல்பு, கிண்ணத்தில் தண்ணீர், மூடியில் காற்றுப்போகத் துளைகள். சூடு எங்கே நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் தெர்மாமீட்டரில் சிவப்பு நூல் கட்டியிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தைய நாள் எனக்கு விடுமுறை. என்னையும் கூட்டிப்போனாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவள் முகம் சுருங்கியது. இரவெல்லாம் வெளிச்சத்துக்கு வந்த பச்சைப்பூச்சிகள் துளை வழியே விழுந்து பல்பைச் சுற்றிக் கருகிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். பிறகு பையிலிருந்த வடிகட்டித் துணியை எடுத்து, மூடிமேல் இரண்டாக மடித்துக் கட்டினாள்.

"எதையும் தொடாத. நூலத் தாண்டுச்சின்னா ஓடியா," என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

பாதரசம் நூலைத் தொட்டது. தொட்டதா, தாண்டியதா? பொய்யாக ஓடினால் திட்டுவாளோ என்று நின்றேன். கண்ணை மூடித் திறந்தால் இன்னும் மேலே இருந்தது. ஓடினேன்.

வகுப்பின் கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார்.

"யாரு பாப்பா நீ? இன்னா வேணும்?"

"சித்தி... நூலத் தாண்டிடுச்சி."

பெண்கள் சிரித்தார்கள். "யாருடி அது, எந்த நூலத் தாண்டுனா?" என்று ஒருத்தி கேட்டாள். சித்தி சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினாள். தலைமையாசிரியையும் பின்னாலேயே வந்தார்.

சித்தி துணியைப் பிய்த்து மூடியைத் திறந்ததும் அனல் என் முகத்தில் அடித்தது.

"இந்தத் துணிய யாரு கட்டுனது?" என்றார் தலைமையாசிரியை.

சித்தி என்னைத்தான் சொல்லப்போகிறாள் என்று மேசைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தாங்க. பூச்சி விழுது, அதான்..."

"பூச்சிக்குப் பாத்துட்ட. குஞ்சுக்கு?" அவர் குரல் உயரவில்லை. "இதுல ஒண்ணாவது உசுரோட இல்லன்னா நாளைக்குத் தவளதான். அறுக்கிறியா, இல்ல வீட்டுக்குப் போறியான்னு நீயே முடிவு பண்ணிக்கம்மா."

ஜன்னல்களை அடைத்தோம். தகரக் கூண்டு போட்ட விளக்கின் சிறு துளைமுன் சித்தி முதல் முட்டையைப் பிடித்தாள். சிவப்பு நரம்புகள் கிளைவிட்டிருந்தன. எதுவும் அசையவில்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததை எடுத்தபோது அவள் கை ஆடியது. ஆடுவது கையா, உள்ளே இருப்பதா என்று தெரியாமல் நான் அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

கடுகளவு புள்ளி ஒன்று சுருங்கி விரிந்தது.

"துடிக்குது சித்தி!"

"எங்க?" தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். "அட, ஆமாம்மா."

இன்னும் ஒன்று துடித்தது. மற்றவை அடங்கிவிட்டன. "இன்ஸ்பெக்டருக்கு ரெண்டு போதும்," என்று அவர் சிரித்துக்கொண்டே போனார்.

சித்தி சிரிக்கவில்லை. அடங்கிப்போனவற்றை ஒரு தட்டில் தனியே எடுத்து வைத்தாள். உயிருள்ள இரண்டையும் பெட்டியில் விட்டு, துளைகளைத் திறந்தபடியே மூடினாள். ஒரு பூச்சி துளை விளிம்பில் ஊர்ந்து உள்ளே இறங்கியது. அவள் அதைப் பார்த்தாள். தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ராஜகிரிக் கோட்டைமலைக்கு மேலே இன்னும் வெயில் இருந்தது. பொழுது சாயுமுன் சாப்பிட வேண்டுமே என்று அம்மா தோசை வார்த்து வைத்திருந்தாள். சித்தி கையைக் காட்டி மறுத்தாள்.

"நோன்பாடி?" என்றாள் அம்மா.

"ஆமாக்கா. நாளைக்கும்."

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள், பிறகு தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கினாள். காலண்டரில் அன்று நோன்பே இல்லையே என்று நான் நினைத்தேன். வேலை தப்பிய சந்தோஷத்தில் அவளுக்குப் பசியே போய்விட்டது போலும் என்றும் நினைத்தேன். அவள் பங்குத் தோசையையும் தட்டில் போட்டுக்கொண்டு, குஞ்சு துடித்ததை முதலில் பார்த்தது நான்தான் என்று அம்மாவிடம் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன்.