மழை கொட்டும் நகரம்

பத்திரிகை அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மைக்காரர்தான். கருஞ்சிறகன் படக்கதைக்குப் பத்தொன்பது வருடமாகக் கதை எழுதுவதும் அவர், ஓவியர் வரையும் பென்சில் கோட்டின்மேல் மை போடுவதும் அவர். பென்சில் தப்பினால் ரப்பர் இருக்கிறது. மை தப்பினால் பக்கமே போச்சு.

போன கோடையில் வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் கட்டைவிரல் மட்டும். யாரிடமும் மூச்சுவிடவில்லை. டீயை இடது கையால் குடித்தார். கையெழுத்துக் கேட்ட வாசகரிடம் பேனா இல்லை என்றார்.

கதை அவருடையது என்பது வசதியாகப் போயிற்று. நேர்கோடு வேண்டிய இடங்களைக் கதையிலிருந்தே கழற்றினார். நகரத்தில் மழை கொட்டியது. ஆலை தீப்பிடித்தது, பாலம் நொறுங்கியது. புகையிலும் இடிபாட்டிலும் கோடு நடுங்கினால் யார் கண்ணில் படும்? படம் மிரட்டுகிறது என்று வாசகர்கள் கடிதம் போட்டார்கள். அவர் அந்தக் கடிதங்களை இழுப்பறைக்குள் தள்ளி மூடினார்.

"சட்டைப் பட்டனும் நான்தான் போட்டுவிடணுமா? புது மாப்பிள்ளையா நீங்க?" என்று மனைவி சிரித்தாள். பிறகு சிரிக்காமல், "டாக்டர்கிட்ட போலாம்ங்க" என்றாள்.

"போனா இதுக்கு ஒரு பேர் வெச்சிடுவாரு."

"வெக்கலேன்னா விட்டுட்டுப் போயிடுமா?"

செவ்வாய்க்கிழமை ஆசிரியர் கூப்பிட்டார்.

"ஏங்க, உங்க கதையில வெயிலே அடிக்காதா? மூணு இதழா மழை. படிக்கிறவனுக்கு ஜலதோஷம் புடிச்சிடும்." அட்டைப்படத் தாளை மேஜையில் வைத்தார். பென்சிலில் கருஞ்சிறகன் முகம். சுற்றிலும் வெள்ளை. "அச்சகத்து ஆள் காத்திருக்கான். இங்கேயே உக்காந்து மை போட்டுக் குடுத்துடுங்க."

மைக்காரர் பிரஷ்ஷைத் தோய்த்தார். காதுக்குக் கீழிருந்து மோவாய்வரை ஒரே இழுப்பு. மணிக்கட்டை மேஜையோடு அழுத்தினார். மூச்சை அடக்கினார். தாளுக்கு ஒரு விரல் உயரத்தில் பிரஷ் முனை ஆடிக்கொண்டே இருந்தது. இறங்கவில்லை.

ஆசிரியர் தாளைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?"

"பத்து மாசம் சார்."

ஆசிரியர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிரஷ்ஷை மைக்காரர் விரலிலிருந்து மெதுவாக எடுத்து வைத்தார்.

"மை போட வேற ஆளப் பாக்கறேன். கதை உங்களோடதுதான். அடுத்த இதழுக்கு நாலு வரி எழுதிட்டுப் போங்க." வெள்ளைத்தாளையும் பேனாவையும் நகர்த்தினார்.

மைக்காரர் பேனாவைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

"நான் சொல்றேன், நீங்க எழுதிக்கறீங்களா?"

ஆசிரியர் பேனா மூடியைக் கழற்றினார். "ம், சொல்லுங்க."

இத்தனை வருடத்தில் ஒரு கதையைக்கூட மைக்காரர் வாயால் சொன்னதில்லை. "மழை நின்னுடுச்சு" என்று தொடங்கினார்.