ஏழாவது ஆளுக்காகத் திரும்பிய கப்பல்

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கிட்ட சிட்னி சென்ட்ரலில் ரயில் ஏறினேன். மெல்பேர்ணுக்கு விமானத்தில் போனால் ஒன்றரை மணி நேரம். ரயிலில் பதினொரு மணி நேரம், தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர். எங்கள் வீடு இருக்கும் பென்டில் ஹில்லில் இருந்து காரில் கொண்டுவந்து விட்ட என் கணவர், "உமக்கு என்ன விசரோ?" என்று கேட்டார். பைத்தியம் இல்லை. மெல்பேர்ணில் இருக்கும் தம்பியிடம் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்க்க எனக்கு அவ்வளவு நேரம் வேண்டியிருந்தது.

நாங்கள் இலங்கையில், மன்னாரில் பிறந்த மூன்று பேர். பெரியக்கா இளவயதிலேயே இத்தாலிக்கு வீட்டுவேலைக்குப் போனவர். முப்பது வருடமாகப் பலேர்மோ நகரத்தில் இருக்கிறார். என்னையும் தம்பி ஜெராட்டையும் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பி வைத்தது அவர்தான். "நீங்கள் முதல் போங்கோ, நான் பின்னால வாறன்" என்றார். வரவில்லை. ஒக்டோபரில் அவருக்கு முழங்காலில் ஒப்பரேஷன். இரண்டு பேரும் வந்து பக்கத்தில் நில்லுங்கோ என்று கேட்டிருக்கிறார். நான் டிக்கெட் போட்டுவிட்டேன். தம்பி மட்டும் போனில் பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தான்.

கோல்பர்ன் தாண்டியதும் காய்ந்த புல்வெளியும் ஆடுகளும்தான். வாகா வாகாவில் மதியச் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்தேன். ரயிலில் விற்ற தேநீர் ஐந்து டொலர். வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. அல்பரியில் மரி ஆற்றைத் தாண்டி விக்டோரியாவுக்குள் போனோம். ஒத்திகை அதற்குள் மூன்று தரம் முடிந்து, மூன்றிலும் தம்பி ஓம் என்று சொல்லிவிட்டிருந்தான்.

மாலை ஆறரைக்கு சதர்ன் குறொஸ் நிலையத்தில் தம்பி தன் பஸ் ஓட்டுநர் சீருடையோடு நின்றான். தலை நரைத்துப் போயிருந்தது. அவன் வீடு இருக்கும் நோபல் பார்க்குக்கு முப்பது கிலோமீற்றர். வழி முழுக்க என்னை வாய் திறக்க விடவில்லை.

"இத்தாலியில டஸ்கனிப் பிரபு ஒருத்தர் நானூறு வருசத்துக்கு முன்னம் கயானாப் பக்கம் ஒரு கப்பல் அனுப்பினவர் அக்கா. குடியேறலாமோ எண்டு பாக்க. கப்பல் நல்ல செய்தியோட திரும்பி வரேக்க பிரபு செத்துப்போனார். பிறகு வந்தவருக்கு அதில விருப்பமில்லை. எல்லாம் அதோட சரி."

"அதுக்கு இப்ப என்ன, செத்த வீட்டுக்குப் போகவேணுமோ?"

"அந்த மனுசன் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருந்தா எண்டு யோசிச்சுப் பார். தென் அமெரிக்காவில இத்தாலி ஊருகள். வெனிஸ், ஜெனோவா எல்லாம் தங்கட கப்பலுகளைப் பின்னால அனுப்பியிருக்கும்."

இந்த 'இருந்திருந்தா'வை வைத்து அவனும் பக்கத்து வீட்டு டோனியும் ஒரு விளையாட்டு உருவாக்கியிருக்கிறார்கள். டோனி ஓய்வுபெற்ற தச்சர். பெற்றோர் ஜெனோவாவில் இருந்து வந்தவர்கள். நடக்காத சரித்திரத்துக்கு ஒழுங்காக வரைபடம் போட்டு வைத்திருக்கிறார்கள், வேறு வேலையில்லாதவர்கள்.

தம்பி தனியாள். வீட்டில் இரண்டு படுக்கையறை. பின்னறையில் ஒரு கட்டில், வெளுத்த விரிப்பு, சுவரில் எங்கள் மன்னார்ப் பக்கத்து மடுமாதா படம். என் பையை அங்கே வைக்கப் போனேன். "அது பெரியக்காவின்ர அறை" என்று சொல்லி, சோபாவைக் காட்டினான். பதினொரு மணி நேரம் ரயிலில் வந்தவளுக்குச் சோபா, வராதவளுக்குக் கட்டில். அன்றைக்கு அவனோடு சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் டோனியின் கராஜில் விளையாடினோம். பழைய மேசையில் அட்லான்டிக் சமுத்திரம். டோனிக்கு ஜெனோவா, தம்பிக்கு வெனிஸ், எனக்கு டஸ்கனி. விளக்குமாற்றுத் தடியை வெட்டிச் செய்த ஆட்கள். "அங்க முதலே இருந்த சனம் எங்க?" என்று கேட்டேன். அவர்களை மேசையில் வைக்க இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லையாம்.

முதலில் போய் இறங்குபவருக்குத்தான் அக்கரையில் நல்ல ஆற்றுமுகம். ஒரு கப்பலில் ஆறு பேர்தான் போகலாம். எனக்கு ஏழு பேர். ஆறு பேரை ஏற்றி டஸ்கனியின் லிவோர்னோ துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டேன். நடுக்கடலில் திரும்பிப் பார்த்தால், ஏழாவது ஆள் துறைமுகத்தில் தனியே நிற்கிறார். கப்பலைத் திருப்பினேன்.

டோனி தலையில் கை வைத்தார். அது ஒரு மரக்கட்டை, விட்டுவிடு, ஆற்றுமுகம் உனக்குத்தான் கிடைக்கும் என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார். நான் கேட்கவில்லை. திரும்பிப் போய், இரண்டாவது கப்பல் கட்டும்வரை எல்லோரையும் கரையில் வைத்துக் காத்திருந்தேன். ஏழு பேரையும் கொண்டுபோய்ச் சேர்ந்தபோது கரை முழுவதும் ஜெனோவாவும் வெனிசும் நிறைந்திருந்தன. இறங்க இடமில்லை.

டோனி விழுந்து விழுந்து சிரித்தார். தம்பியும் முதலில் சிரித்தான். பிறகு என் ஏழு மரக்கட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்தான்.

பின்னேரம் தேவாலயத்தில் பூசைக்குப் போய் வந்தபின், குசினியில் கோப்பை கழுவிக்கொண்டே சொன்னான்.

"அவ இஞ்ச வந்து இருப்பா எண்டுதான் இந்த வீட்டை வாங்கினனான். நான் அங்க போனா, அவ இனி வரமாட்டா எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி."

"அவ வரமாட்டாதானடா."

"தெரியும்."

ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. துணியை எடுத்து அவன் கழுவி வைத்ததைத் துடைத்தேன். எனக்கும் பெரியக்காவைப் பார்க்கவேண்டும் போல் இருந்தது. அன்றும் சோபாவில்தான் படுத்தேன்.

ஞாயிறு காலை எட்டரை ரயில். பிளாட்ஃபோமில் என் பையைத் தூக்கித் தந்துவிட்டு, வேறெங்கோ பார்த்தபடி கேட்டான்.

"ஒக்டோபரில பலேர்மோவில குளிரோ? பெரியக்காவைக் கேட்டுச் சொல்லு."

நான் ஓம் என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் பேசினால் மனதை மாற்றிக்கொள்வான். மெல்பேர்ணின் கடைசிப் புறநகர் பின்னால் போவதற்கு முன்பே பலேர்மோவுக்குப் போன் எடுத்துவிட்டேன். அங்கே நடுச்சாமம் என்பது மணி அடித்தபிறகுதான் நினைவு வந்தது.

"இந்த நேரத்தில என்னடி? ஆருக்கும் ஏதும் நடந்ததோ?"

"இல்லை. ஒக்டோபரில அங்க குளிரோ எண்டு தம்பி கேக்கிறான்."

மற்றப் பக்கத்தில் கட்டில் கிறீச்சிட்டது. எழும்பி உட்காருகிறார் போல.

"குளிராது எண்டு சொல்லு" என்றார் பெரியக்கா. "குளிர்ந்தாலும் என்னட்டப் போர்வை இருக்கு எண்டு சொல்லு."