முப்பத்தாறு கேலன் தண்ணீர், பதினைந்து பேர்: ட்ரோனா பாலைவனத்தில் இரண்டு இரவு

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை, காலை 5:40. கலிஃபோர்னியா, டப்ளினில் நண்பர் செந்தில் அண்ணா வீட்டு வாசல். ஐந்து கார்கள், பெரியவர்கள் ஒன்பது, குழந்தைகள் ஆறு, தண்ணீர் முப்பத்தாறு கேலன். புறப்பட வேண்டிய நேரம் 5:30. புறப்பட்ட நேரம் 6:35. நடுவில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். ஒரு வீட்டாரின் இட்லி மாவு பொங்கி கார் டிக்கியில் வழிந்துவிட்டது. பாலைவனத்துக்கு எதற்கு இட்லி மாவு என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

எனக்கு வேலை போய் அன்றைக்கு நாற்பத்தாறாவது நாள். எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்: அறுபது நாளுக்குள் வேறு வேலை, இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். இந்த கேம்ப்பிங்கை டிசம்பரில் நான்தான் திட்டம் போட்டேன். அப்போது வேலை இருந்தது. ரத்து செய்தால் காரணம் சொல்ல வேண்டுமே என்று ரத்து செய்யவில்லை. எங்கள் வாட்ஸப் குரூப்பில் யாருக்கும் விஷயம் தெரியாது, லீவு போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். செவ்வாயன்று ஒரு கம்பெனியில் நேர்காணலின் கடைசிச் சுற்று முடிந்திருந்தது. எந்தப் பதிலானாலும் வெள்ளி மாலை ஐந்துக்குள் சொல்லிவிடுவோம் என்றிருந்தார்கள்.

ஆக, என் வெள்ளிக்கிழமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தூரம் 365 மைல். 580 நெடுஞ்சாலையில் ஏறி, ஐ-5 தெற்கு, பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு முன் 58, டெஹாச்சப்பி மலை, மொஹாவி, ரிட்ஜ்கிரெஸ்ட், அப்புறம் 178. நிறுத்தாமல் ஓட்டினால் ஆறேகால் மணி நேரம். எங்களுக்கு ஒன்பது மணி இருபது நிமிடம் ஆனது. ஐ-5 ஓய்விடத்தில் புளியோதரைக்கு நாற்பது நிமிடம். மலை வளைவில் ஒரு குழந்தை வாந்தி. மொஹாவியில் ஒரு மின்சாரக் காருக்கு சார்ஜ் போட ஐம்பது நிமிடம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மெயிலைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. மாலை 3:20-க்கு, ரிட்ஜ்கிரெஸ்டைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில், போன் சிக்னலின் கடைசிக் கோடும் போனது.

இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஏரியாக இருந்து வற்றிப்போன தரை. அதில் ஆளுயரம் முதல் பத்து மாடி உயரம் வரை, இயற்கையாகவே எழும்பிய சுண்ணாம்புக் கோபுரங்கள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. கூடாரம் போடக் கட்டணம் கிடையாது. தார்ச்சாலையிலிருந்து ஐந்து மைல் மண்சாலை. சாதாரண கார் போகும், ஆனால் மழை பெய்திருந்தால் போகவே போகாதீர்கள், சக்கரம் புதைந்துவிடும். குழந்தைகளுக்கு அருமையான இடம்: தரை சமம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை திறந்தவெளி, யாரும் தொலைய முடியாது. ஒரே ஒரு கழிப்பறை. குழாய் கிடையாது.

அந்தக் குழாய் விஷயத்தைத்தான் நான் சரியாகக் கணக்குப் போட்டதாக நினைத்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, என்பது எல்லா வழிகாட்டியிலும் இருக்கிற அளவு. பதினைந்து பேர், இரண்டு நாள், முப்பது. இருபது சதவீதம் கூடுதலாக ஆறு. ஒரு கேலன் கேன்களாக முப்பத்தாறு. பயணத்துக்குப் போட்ட எக்செல் ஷீட்டில் பச்சை நிறம்கூட அடித்து வைத்திருந்தேன்.

வெள்ளி மாலை எல்லோரும் கூடாரம் அடித்தார்கள். நான் என் கூடாரத்துக்கு நாலு ஆணி அடித்துவிட்டு, போட்டோ எடுக்கப் போகிறேன் என்று சொல்லி, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி ஒவ்வொரு கோபுரமாகச் சுற்றினேன். ஒரு கோடுகூட வரவில்லை. மணி ஐந்து ஆனது, ஐந்தரை ஆனது. திரும்பி வந்தபோது கவிதா அக்கா, செந்தில் அண்ணாவின் மனைவி, வெண்பொங்கலுக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தார். மூன்றாவது தண்ணீர். அதைப் பார்த்தேன். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை, மண்டை வேறு எங்கோ இருந்தது.

சனிக்கிழமை காலை 7:30. செந்தில் அண்ணாவின் ஒன்பது வயது மகள் நிலா என் கூடாரத்துக்கு வந்து, நிதானமாக, "அங்கிள், தேர் ஆர் லெவன் எம்ப்டி கேன்ஸ் பிஹைண்ட் தி பாத்ரூம்" என்றாள்.

போய்ப் பார்த்தேன். கழிப்பறைக்குப் பின்னால் பதினோரு காலி கேன்கள் வரிசையாக நின்றன. பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் மக். முகாமுக்குத் திரும்பி மிச்சத்தை எண்ணினேன். முழு கேன் ஐந்து. சமையலுக்கும் அரிசி கழுவவும் ஆறு போயிருந்தது. பாத்திரம் கழுவ ஏழு. கை கழுவ நாலு. கழிப்பறைக்குப் பதினொன்று. குடித்தது மூன்று.

அந்த வழிகாட்டிகளை எழுதியவர்கள் காகிதத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள். பேப்பர் தட்டில் சாப்பிட்டுத் தட்டைத் தூக்கி எறிகிறவர்கள். நம் ஆட்களால் அது முடியாது. எல்லோரும் தனித்தனியாக, யாருக்கும் தெரியாமல், ஆளுக்கொரு கேனை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு கேன்தானே என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். நானும்தான். அந்தப் பதினொன்றில் ஒன்று என்னுடையது.

வெயில் ஏறுவதற்குள் கிளம்பி ஊருக்கே போய்விடலாமா என்று ஒருவர் கேட்டார். நான் ரிட்ஜ்கிரெஸ்ட் போய்த் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்றேன். பொறுப்புணர்ச்சி என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையான காரணம், அங்கே சிக்னல் இருக்கும்.

செந்தில் அண்ணாவும் கூட வந்தார். ரிட்ஜ்கிரெஸ்ட் கடைக்கு ஒரு வழி 27 மைல், மண்சாலையையும் சேர்த்து 45 நிமிடம். பாதி வழியில் போன் பையிலிருந்து தொடர்ந்து சத்தம் போட்டது. நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கடை வாசலில் நிறுத்தியதும் எடுத்துப் பார்த்தேன். பதில் வெள்ளி 4:52-க்கே வந்திருந்தது. நான்கு வரி. வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், எனக்கு வாழ்த்துகள்.

தண்ணீர் அலமாரி முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அண்ணாதான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "என்னாச்சு கார்த்தி, பிராண்ட் பாத்துட்டு இருக்கியா?" என்றார்.

"வேலை போயி நாப்பத்தேழு நாளாச்சுண்ணா. இப்ப இதுவும் போச்சு."

அவர் நாற்பது கேன்களை எடுத்து அடுக்கினார். பில் 56 டாலர், நான் கொடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். திரும்பி வரும்போது மண்சாலை ஆரம்பித்த இடத்தில்தான் வாயைத் திறந்தார். "கவிதாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா, எனக்கு முன்னாடியே தெரியும்னு என்னப் புடிச்சுக்குவா."

மதியம் தயிர்சாதத்தின்போது சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, தேதி, மிச்ச நாள், கிடைக்காமல் போனது, மூன்று வாக்கியம். கவிதா அக்கா தட்டைக் கீழே வைத்தார்.

"தண்ணி தீந்துபோச்சுன்னு சொல்ல எங்களுக்கெல்லாம் ஒரு ராத்திரி ஆச்சு. உனக்கு நாப்பத்தேழு நாளா?"

ரெஸ்யூமே இருக்கிறதா என்று கேட்டார். லேப்டாப்பில் இருந்தது. அக்கா ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்தில் மேலாளர், வருடத்துக்கு நாற்பது பேரை நேர்காணல் செய்கிறவர். மதியம் இரண்டிலிருந்து ஒரு கோபுர நிழலில், திரையில் விழும் மணலைத் துப்பட்டாவால் துடைத்துத் துடைத்துப் படித்தார். நிழல் நகர நகர நாற்காலியை நகர்த்தினோம்.

"இதுல டீம், டீம்னு பன்னெண்டு எடத்துல இருக்கு. நீ என்ன கழட்டுனன்னு ஒரு எடத்துலயும் இல்ல."

கோபம் வந்தது. எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டுதான் இருந்தது. லேப்டாப் பேட்டரி நாலரைக்குத் தீர்ந்தபோது பாதிப் பக்கம் மாறியிருந்தது. மீதியை அவர் பேப்பர் தட்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது.

அன்று மாலை குழந்தைகளோடு கோபுரங்களுக்கு நடுவே நடந்தேன், போனைத் தூக்காமல். வெள்ளியன்று அதே பாதையில்தான் போயிருக்கிறேன், ஆனால் அந்தக் கோபுரங்கள் சூரியன் இறங்கும்போது செங்கல் நிறமாவதை நான் பார்த்திருக்கவே இல்லை. இடம் நன்றாகத்தான் இருக்கிறது. போய் வாருங்கள்.

போகிறவர்களுக்கு: மார்ச் நல்ல மாதம், பகலில் சட்டை போதும், இரவில் குளிர்ஜாக்கெட் வேண்டும். காற்று பலமாக அடிக்கும், மெல்லிய ஆணிகள் நிற்காது. நெருப்பு மூட்டுவதற்கான அனுமதிச் சீட்டு இலவசம், முன்னதாகவே எடுத்துவிடுங்கள். பெட்ரோலை ரிட்ஜ்கிரெஸ்டில் நிரப்பிக்கொள்ளுங்கள். தண்ணீர் நம் ஆட்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று கேலன், எந்த வழிகாட்டி என்ன சொன்னாலும். கழிப்பறைத் தண்ணீருக்கு ஷீட்டில் தனி வரி போடுங்கள். யாருக்கும் கேட்க வெட்கமாக இருக்கும், அதனால் நீங்களே போட்டுவிடுங்கள்.

இதை ஞாயிறு மாலை, நாற்பத்தெட்டாவது நாளில், வீடு திரும்பிக் குளித்துவிட்டு எழுதுகிறேன். இனி நான் செய்யப்போவது:

1. பேப்பர் தட்டில் இருப்பதை ரெஸ்யூமேயில் ஏற்றுவது. இன்றே.
2. திங்கள் காலை 9-க்குள் கவிதா அக்காவுக்கு அனுப்புவது. அவர் மூன்று பேருக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.
3. செவ்வாய் மாலை செந்தில் அண்ணா வீட்டில் மாதிரி நேர்காணல். அக்கா கேள்வி கேட்பார். பயமாகத்தான் இருக்கிறது.
4. மார்ச் 28 வரை பன்னிரண்டு நாள் மிச்சம். விசா வகையை மாற்ற வழியிருக்கிறதா என்று புதன்கிழமை ஒரு வக்கீலிடம் கேட்பது.
5. கேம்ப்பிங்குக்கு வராத ஒருவர் குரூப்பில் போட்ட "எப்ப ஆபீஸ் திரும்பப் போறீங்க" என்ற செய்திக்கு உண்மையான பதில் போடுவது.
6. மதுரையில் இப்போது விடிந்திருக்கும். அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்வது. இதைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும். இதை முடித்துவிட்டு முதல் எண்ணுக்கு வருகிறேன்.