மானுக்கு விதைத்த தட்டைப்பயறு

இந்த ஊரில் யாராவது "முதலாளி என்னைப் பேசிப்போட்டார்" என்று முகம் வாடி நின்றால், பேசினதில் என்ன வருத்தம் என்று கேட்டுவிடாதீர்கள். பேசுவது என்றால் இங்கே திட்டுவது. நாம் பேசுவதை இவர்கள் கதைப்பது என்பார்கள். சேலத்திலிருந்து கிளம்பிக் கப்பலேறித் திருக்கோணமலைக்கு வந்து நான்கு வருஷமாகிறது. துறைமுகத்து வெள்ளைக்கார மாலுமிகளுக்குக் காற்சட்டை தைத்துப் பிழைக்கிறேன். அவர்களுடைய ஆங்கிலம்கூட ஓரளவு பிடிபட்டுவிட்டது. தமிழ்தான் இன்னும் தகராறு.

போன ஆவணியில் என் மைத்துனர் பழனியப்பன் கடிதம் போட்டார். என் மனைவி பாவாயியை அனுப்புவதற்கு முன், நான் எப்படி வாழ்கிறேன் என்று நேரில் பார்க்கத் தை மாதம் வருகிறாராம். அவர்கள் விவசாயக் குடும்பம். ஒரு குழி நிலமில்லாத தையல்காரனுக்குப் பெண் கொடுத்த குறை அவர்களுக்கு இன்னும் தீரவில்லை. "நீங்கள் எழுதின மான்கறியையும் சாப்பிட்டுப் பார்க்கிறேன்" என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி. ஊசி என் விரலில் ஏறியது. இங்கே தினமும் மான்கறிதான் என்று முன்பொரு தடவை அளந்திருந்தேன். உண்மையில் லிங்கநகர் ஒற்றை அறையில் நான் தின்றது பாண் என்கிற ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்.

என்னிடம் சட்டை தைக்கும் கிளிவெட்டி விவசாயி தாமோதரத்திடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"இதுக்கோ யோசிக்கிறியள்? என்ரை வயலுக்குப் பின்னாலை ஒரு துண்டுச் சேனை போடுவம். மான் தானா வரும். பிறகென்ன, ஒரு வெடி."

மான் சேனை தின்னுமா என்று எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் அது அவர்கள் ஊர் மான். அடுத்த ஞாயிறு ஒரு சாக்குச் சேனைக்கிழங்கோடு கடலைக் கடக்கும் லோஞ்சுப் படகில் ஏறி மூதூரில் இறங்கி, மாட்டுவண்டி பிடித்துக் கிளிவெட்டி போனேன். சாக்கை அவிழ்த்ததும் தாமோதரம் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். புதர்ப் பற்றை வெட்டி எரித்துப் பயிர் செய்கிற நிலத்துக்குத்தான் இங்கே சேனை என்று பெயராம். சிரித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. கிழங்கை அவர் மனைவி கறி வைத்தார். எல்லோருக்கும் நாக்கு அரித்தது.

பிறகு ஒழுங்காகப் பற்றை வெட்டினோம், எரித்தோம், மழைக்கு முன் கௌப்பி தூவினோம். நம் தட்டைப்பயறுதான். அதுவரை ஊசியைத் தவிர வேறெதுவும் பிடித்திராத கை என்னுடையது. முளை வந்தபோது குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதன்பின் ஞாயிறு தவறாமல் லோஞ்சு. மாலுமிகள் காற்சட்டைக்குக் காத்திருந்தார்கள். நான் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"மான் தின்னப்போற பயிருக்குக் களை பிடுங்கிற ஆளை இப்பதான் காணுறன்" என்றார் தாமோதரம்.

தை பிறந்தது. மைத்துனரும் வந்தார். கொடி நிறையக் காய் பிடித்திருந்தது. ஒரு சாயங்காலம் சேனை ஓரத்துப் பரணில் மூவரும் ஏறி உட்கார்ந்தோம். தாமோதரம் மைத்துனரின் காதருகே குனிந்தார்.

"கதைக்காதேங்கோ. இப்ப காக்கா வருவார். வந்து வெடி வைப்பார்."

மைத்துனர் கொஞ்ச நேரம் ஆகாயத்தையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏனுங் மாப்ளே, காக்காய்க்கு வெடி வைக்க எப்படிங்க பழக்கினாங்க?" என்றார்.

வெடி வைப்பது என்றால் சுடுவது, காக்கா என்று இங்குள்ள முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்வார்கள், வரப்போகிறவர் மூதூர் வேட்டைக்காரர் காசிம் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் காசிம் காக்காவே துப்பாக்கியோடு ஏறி வந்துவிட்டார். மைத்துனர் வெட்கத்தில் அவரை இரண்டு தடவை கும்பிட்டார்.

வெயில் தாழ்ந்ததும் ஐந்து புள்ளிமான்கள் வந்தன. காக்கா துப்பாக்கியைத் தோளில் பதித்தார். முன்னால் வந்த மான் தலை குனிந்து, நான் மூன்று தடவை களையெடுத்த மூலையில் ஒரு கொடியை வேரோடு பிடுங்கியது. எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை.

"ஏய்! சூ! பயிர்ல வாய் வைக்காதே! போ!" என்று எழுந்து நின்று கை தட்டினேன்.

மான்கள் ஒரே பாய்ச்சலில் மறைந்தன. வெடி ஆகாயத்துக்குப் போனது. பரணில் ஒரு கம்பு முறிந்தது.

"மானுக்குத்தானே தம்பி போட்ட நீங்க?" என்று காக்கா மிக மெதுவாகக் கேட்டார்.

"ஓம்" என்று இந்த ஊர் ஆமாம் போட்டேன்.

தாமோதரம் என்னைப் பேசினார். இந்த ஊர் அர்த்தத்தில்.

மைத்துனர் மட்டும் பரணிலிருந்து இறங்கிப் பயிருக்குள் போனார். கிடந்த கொடியிலிருந்து ஒரு காயை உரித்து மென்றார். "காட்டை இப்படிக் காக்கிற மனுசன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சுங்க மாப்ளே. பாவாயிய அனுப்பி வைக்கிறோம்" என்றார். மான்கறி பற்றி மூச்சு விடவில்லை. அன்றைக்குக் கருவாடும் சோறும்தான்.

ஊருக்குப் போய் அவர் என்ன சொன்னாரோ, அடுத்த கடிதத்தில் பாவாயி கேட்டிருந்தாள்: "உங்களுக்குக் காடு இருக்குதாமே. கிணறு இருக்குதுங்களா?" நம் பக்கம் காடு என்றால் விதைக்கிற மேட்டுநிலம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே காடு என்றால் யானையும் கரடியும். கடிதத்தைத் தாமோதரத்துக்கு வாசித்துக் காட்டினேன். "காட்டுக்கு ஏன் கிணறு? கரடி குளத்திலை குடிக்குதுதானே" என்றார். மூன்று பதில்கள் எழுதினேன். மூன்றையும் கிழித்தேன்.

நேற்று பாவாயி ரயிலில் வந்து இறங்கினாள். கையில் ஒரு தகரப்பெட்டி, தோளில் ஒரு களைக்கொத்து.

"நம்ம காடு எந்தப் பக்கமுங்க?"

மூதூர்ப் பக்கம் கை காட்டினேன். சேலத்துத் தமிழில் அது பொய். இந்த ஊர்த் தமிழில் மெய்தான். அவள் களைக்கொத்தைத் தோள் மாற்றிக்கொண்டு அந்தத் திசையிலேயே விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினாள். நடுவில் கடல் இருக்கிறது என்று நான் பின்னால் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.