மூன்று பேர் மட்டும்

என் அக்காவை மாணவர்கள் 'குண்டு டீச்சர்' என்று கூப்பிடுவார்கள். ஆளைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, ஊதினால் பறந்துவிடுவாள். எந்த நாட்டில், எந்த வருஷம், யார் குண்டு வைத்தார்கள் என்று கேட்டால் தேதியோடு சொல்வாள். பல்கலைக்கழகத்தில் அரசியல் துறைப் பேராசிரியை. நாடு விட்டு நாடு போய்த் தாக்கும் பயங்கரவாதம்தான் அவளுக்குப் பாடம், ஆய்வு, சோறு, தூக்கம் எல்லாம். அம்மா கல்யாணப் பேச்சை எடுத்தால், "இந்த அத்தியாயம் முடியட்டும்மா" என்பாள். அம்மாதான் போய்ச் சேர்ந்தாள்.

மூன்று புத்தகங்கள் எழுதினாள். மூன்றுக்கும் மெய்ப்பு பார்த்தவன் நான். அச்சகத்தில் எனக்கு அதுதான் வேலை. இரண்டாவது புத்தகம், எந்தத் தாக்குதல் வெற்றி, எது தோல்வி, ஏன் என்று அலசியது. அது பாடப்புத்தகமும் ஆனது. எங்காவது குண்டு வெடித்தால் தொலைக்காட்சிக்காரர்கள் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். குரல் உயராமல், கை ஆட்டாமல் பேசுவாள். எனக்குப் பெருமை பிடிபடாது.

அவளுடைய ஐம்பத்திரண்டாவது வயதில், ஒரு மத்தியானம், துறையில் அவள் அறைக்கு ஒரு தையல்காரர் வந்தார். அக்காவுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்த நானும் அங்கே இருந்தேன். கழுத்தில் அளவு நாடா, கழற்ற மறந்து வந்திருக்கிறார். கையில் அந்த இரண்டாவது புத்தகம்.

"என் சின்னவ இங்கதாம்மா படிக்கிறா. பரீட்சைக்குச் சத்தமா படிச்சிட்டிருந்தா. இந்தப் பக்கம் வந்ததும் நிறுத்திட்டா. ஏன்னு கேட்டா சொல்லல. எனக்குப் படிக்க வராது. பக்கத்துக் கடைக்காரர்கிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன்."

அக்கா வாங்கிப் பார்த்தாள். 'ரயில் நிலையத் தாக்குதல் தோல்வியில் முடிந்தது. உயிரிழப்பு மூன்று பேர் மட்டும்.'

"அந்த 'மட்டும்'ல என் பெரிய பொண்ணு இருக்காம்மா." அவர் குரலில் கோபமே இல்லை. "வேலைக்குப் போன முதல் வாரம். பன்னெண்டு வருஷம் ஆச்சு. அவ பேரு இதுல எங்கயாவது இருக்கான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

எங்கேயும் இல்லை. எனக்கு அந்த வரி நன்றாக நினைவிருந்தது. 'முடிந்தது'க்குப் பிறகு காற்புள்ளி போட்டிருந்தாள். நான்தான் அதை முற்றுப்புள்ளி ஆக்கினேன். வேறு எதுவும் எனக்கு உறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் மூன்று புத்தகங்களையும் என் முன்னால் போட்டாள். "எத்தனை இடத்துல 'மட்டும்' வருதுன்னு எண்ணுடா." அறுபத்தொன்று.

"அடுத்த அச்சுல எடுத்துடலாம்கா."

"வார்த்தைய எடுத்துடலாம். எழுதும்போது எனக்கு வலிக்கவே இல்லையே, அதை என்ன பண்றது?"

அதற்குப் பிறகு தொலைக்காட்சிக்குப் போகவில்லை. நாலாவது புத்தகம் ஆரம்பித்தாள். செத்தவர்களின் வீடு வீடாகப் போய், அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டு, ஆளுக்கொரு அத்தியாயம். ஒன்பது வருஷம் நானும் கூடவே அலைந்தேன். ஒரு மனைவி எங்கள் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினாள். ஒரு தாய், மகனின் மூக்குக்கண்ணாடியை என்னைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, "பவர் ஜாஸ்தி, தலை சுத்தும்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். துறையில், "இது ஆய்வு இல்ல, அழுகை" என்று சிரித்தார்கள்.

தையல்காரர் மகளின் அத்தியாயத்தைத்தான் கடைசியாக எழுதினாள். பதினெட்டு பக்கம். கடைக்குக் கொண்டு போனோம். சின்ன மகள் படிக்க, அவர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். பெரியவள் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கத் தெரியாமல் வாடிக்கையாளர் சட்டையைக் கிழித்துவிட்டு, அதை மேஜைக்கு அடியில் ஒளித்து வைத்த இடம் வந்தபோது சிரித்தே விட்டார். முடிந்ததும் தாள்களை வாங்கி, ஓரம் தட்டி அடுக்கினார்.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஆனா புத்தகத்துல போட வேண்டாம்."

"ஏங்க?"

"பதினேழு பக்கம் உயிரோட இருக்கா. கடைசிப் பக்கத்துல ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போறா. யார் யாரோ எடுத்துப் படிப்பாங்க. ஒவ்வொரு தடவையும் அவ போகணுமா?"

"கடைசிப் பக்கத்தை எடுத்துடறேன்."

"எடுத்தா, அப்புறம் பொண்ணு எங்கன்னு கேப்பாங்களேம்மா."

அக்கா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் வெட்டுத்துணிக் குவியலில் கைவிட்டு, நல்லதாக ஒரு துண்டு தேடி எடுத்துக் கொடுத்தார்.

நாலாவது புத்தகம் வரவே இல்லை. "அவர் வாய்விட்டுச் சொல்லிட்டார். மத்தவங்களுக்குச் சொல்லத் தெரியல, அவ்வளவுதான்" என்று சொல்லி, அந்தந்த அத்தியாயத்தை அந்தந்த வீட்டுக்கே தபாலில் அனுப்பினாள். அனுப்பி முடித்த மாதமே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரல். ஒருநாள் என் கையைப் பிடித்து, "நான் தப்பா எண்ணிட்டேன்டா" என்றாள்.

"இல்லக்கா, எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"நீ எப்பவும் அதைத்தான் சொல்வே."

இரண்டு நாளில் போய்விட்டாள். மூன்று புகழ்பெற்ற நூல்களின் ஆசிரியர் என்று பத்திரிகையில் போட்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு முதியவரின் கடிதம் வந்தது, அவள் பெயருக்கு. 'என் மகனைப் பற்றி எழுதியதைப் படித்தோம். அவனுக்கு இடது கைப் பழக்கம். நீங்கள் வலது கை என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றி அனுப்புங்கள்.'

மாற்றி அனுப்பினேன். அக்கா இல்லை என்று எழுதவில்லை. அந்த வீட்டுக்கு இன்னொரு சாவைத் தபாலில் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.